சிவப்பு மூடி டப்பா

அன்பு மகள் கியூரிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா. நாங்கள் இங்கே நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன், அதில் எவ்வளவு உண்மை என்று கடைசி வரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். முகம் பார்த்துப் பேசினால் எனக்குப் பொய் சுலபமாக வருகிறது, அதற்குத்தான். இதைக் கொண்டு வருவது சலவைக் கடை பாங். தன் மகன் வீட்டுப் பேரனுடைய முதல் பிறந்தநாளுக்கு உன் ஊர் கால்கரிக்கு வருகிறாள், இரண்டு மாதமாகத் தெருவில் எல்லாரிடமும் டிக்கெட்டைக் காட்டிவிட்டாள். கவரை ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவள் உன் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள், அவளுடைய வாயைப் பற்றி உனக்குத் தெரியும். அதனால் முதலில் அவளுக்கு டீயைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு நீ குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு இதைப் படி. ஒரு விஷயம் இருக்கிறது, அதை நீ என்னிடமிருந்து கேட்க வேண்டும், பாங்கிடமிருந்து அல்ல.

முதலில் வீட்டுக் கதை. இங்கே தேஜோனில் இந்த வருடம் குளிர் போகவே மாட்டேன் என்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டு, யாரைத் திட்டுகிறார் என்று தெரியாது, படியையா என்னையா. வீட்டில் ஒரு அறையைத்தான் சூடு பண்ணுகிறோம், உன் அறைத் தரைக்கடியில் வெந்நீர் ஓடும் குழாயை மூடிவிட்டோம், கேஸ் பில்லைப் பார்த்தால் உடம்பு தானாகவே சூடாகிவிடுகிறது. கடையில் அப்படி மூட முடியுமா. காலை ஆறு மணிக்கு அடுப்பில் ஏறிய குழம்புத் தண்ணீர் மத்தியானம் மூன்று வரை கொதிக்க வேண்டும். மாவு ஏறிவிட்டது, மட்டி ஏறிவிட்டது, முட்டை ஏறிவிட்டது, குப்பை போடும் பை கூட ஏறிவிட்டது. ஏறாதது இரண்டே இரண்டு, அப்பாவின் முழங்காலும் நம் கடையில் கத்தியால் நறுக்கிப் போடும் கல்குக்சு நூடுல்ஸின் விலையும். ஒரு கிண்ணம் எட்டாயிரம் வோன், நான்கு வருடமாக அதே எட்டாயிரம். ஆயிரம் ஏற்றலாம் என்று நான் சொன்னால் அப்பா கண்ணாடி வழியாக எதிர்க்கடையைக் காட்டுவார், "முதல்ல அவன் ஏத்தட்டும், கியூரி அம்மா. நான் ஏத்தின அன்னிக்கே அத்தனை பேரும் ரோட்டைத் தாண்டிடுவாங்க." எதிர்க்கடைக்காரனும் தன் பெண்டாட்டியிடம் நம் கடையைக் காட்டி இதையேதான் சொல்கிறானாம். இரண்டு ஆண்பிள்ளைகளும் ஆளுக்கொரு கண்ணாடிக்குப் பின்னால் நின்று எதிராளியின் விலைப்பலகையை முறைத்துக்கொண்டே கிழவர்களாகிவிட்டார்கள். அவனாவது சாமர்த்தியசாலி, ஆர்டர் எடுக்க மெஷின் வைத்து இரண்டு ஆளைக் குறைத்துவிட்டான். நாம் குறைத்தது ஒரே ஆள், சீனாவின் யன்பியனிலிருந்து வந்து ஒன்பது வருடம் நம்மிடம் இருந்தாளே, அந்த அக்கா. போன கோடையில் அவளை நிறுத்திவிட்டோம். போகும்போது ஏப்ரனை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள், திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவள் போனதில்தான் எல்லாம் ஆரம்பம். கல்குக்சு கடைக்கு யாரும் கல்குக்சுவுக்காக வருவதில்லை, தொட்டுக்கொள்ள வைக்கும் கிம்ச்சிக்காகத்தான் வருகிறார்கள், உனக்குத் தெரியாததா. பத்து நாளைக்கு ஒரு முறை அறுபது கோஸ், பிளந்து உப்புப் போட்டு, நடுவில் புரட்டி, மூன்று தண்ணீர் அலசி, ஒவ்வொரு இதழாக மசாலா தடவி அடுக்க வேண்டும். உப்பும் அலசலும் அந்த அக்கா, தடவுவது நான். தனியாக இரண்டு முறை செய்தேன், மூன்றாவது முறை வலது மணிக்கட்டு அப்படியே பிடித்துக்கொண்டது. டாக்டர் பட்டை கட்டிவிட்டு, மூன்று மாதம் ஈரத்துணி கூடப் பிழியக்கூடாது என்றார். அந்தச் சமயம் பார்த்துக் கோஸ் விலை ஏறியது பார், ஒன்று பத்தாயிரம் வோன். ஒரு கிண்ணம் கல்குக்சுவை விட ஒரு கோஸ் விலை அதிகம். அதைத் தட்டில் வைத்து இலவசமாகக் கொடுக்கிறோம், "பெரியம்மா, கிம்ச்சி இன்னும் கொஞ்சம்" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டு. இரண்டாவது தட்டுக்கு ஆயிரம் வோன் வாங்கலாம் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். அப்பா கத்தியைப் பலகையில் போட்டுவிட்டு, "கிம்ச்சிக்குக் காசு வாங்கினா அது சோத்துக்கடையா? நாளைக்குத் தண்ணிக்கும் வாங்கு, நாற்காலிக்கும் வாடகை வாங்கு!" என்று கத்தினார். விலையும் ஏற்றக்கூடாது, காசும் வாங்கக்கூடாது, ஆளும் வைக்கக்கூடாது. பாக்கி என்ன இருக்கிறது. சீனாவிலிருந்து வரும் பெட்டிக் கிம்ச்சி. சீனாவிலிருந்து வந்த மனுஷியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சீனாவிலிருந்து வந்த பெட்டியைக் கடைக்குள் விட்டோம்.

நான் ஒளிக்கவில்லை, கியூரி. எது எந்த நாட்டுச் சரக்கு என்று சுவரில் எழுதி மாட்டச் சட்டம் இருக்கிறதல்லவா, எல்லாக் கடையிலும் ஓரமாக எறும்பு மாதிரி எழுதி வைப்பார்கள், நான் பட்டை கட்டிய கையாலேயே பெரிய மார்க்கரை எடுத்து, கோஸ் சீனா, மிளகாய்த் தூள் சீனா என்று கடையின் அந்தக் கோடியிலிருந்து தெரிகிற மாதிரி எழுதினேன். எழுதிவிட்டு அன்று மத்தியானம் கல்லாப்பெட்டியருகே நின்றேன். யார் முதலில் கேட்பார்கள், என்ன பதில் சொல்வது, மணிக்கட்டைக் காட்டுவதா கோஸ் விலையைச் சொல்வதா என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிட்ட ஆபீஸ் பையன்கள் இரண்டு தட்டு கேட்டு வாங்கினார்கள். தினமும் பதினொன்றரைக்கு வந்து ஜன்னல் மேஜையில் உட்காருவாரே, பஸ் ஓட்டி ரிடையர் ஆன ரோ ஐயா, அவர் மூன்றாவது தட்டை வழித்துவிட்டு, "எத்தனை கடை இருந்தாலும் இந்தக் கை ருசி வராதும்மா" என்றார். எந்தக் கை. கையை நான் மார்போடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் போனதும் நிம்மதி போய் எரிச்சல் வந்தது. முப்பத்தொரு வருடம் பனிக் குளிரில் உட்கார்ந்து தடவினேனே, அது யாருக்காக, இவர்களுக்காகவா. ஒருத்தருக்குக்கூட நாக்கு இல்லையா.

இப்போது உன் விஷயம். நவம்பரில் நீ போனில், "கிம்ச்சி போட்டாச்சாம்மா?" என்று கேட்டாய், நான், "ஆச்சு ஆச்சு, உனக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கேன்" என்றேன். எடுத்து வைக்கவில்லை. உனக்கு மட்டும் இரண்டே இரண்டு கோஸ் செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், இன்று நாளை என்று வலி விடவில்லை. அக்கா கல்யாணத்துக்கு அங்கிருந்து வந்திருந்த பாங்கின் மகன் மறுநாள் கிளம்புகிறான், டப்பாவை ராத்திரிக்குள் கொடுங்கள் என்று அவள் வந்து நிற்கிறாள். நான் கடைப் பெட்டியைத் திறந்து நல்லதாக மூன்று கட்டு எடுத்து, இடது கையால் கொஞ்சம் பூண்டும் கூனி இறாலும் மேலே தடவி, நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து நம் வீட்டில் இருக்கும் அந்தச் சிவப்பு மூடி டப்பாவில் அடைத்துக் கொடுத்துவிட்டேன். கடைச் சுவருக்குச் சட்டம் இருக்கிறது, டப்பா மூடிக்கு இல்லை. அப்பாவுக்கும் சொல்லவில்லை. உனக்கு ருசி தெரிந்துவிடும், போன் பண்ணி, "என்னம்மா இது" என்று கேட்பாய், அப்போது அழுது தீர்த்துவிடலாம் என்று காத்திருந்தேன். நீ அனுப்பியது வேறு. டப்பாவைப் போட்டோ எடுத்துப் போட்டு, கீழே, "மூடியைத் திறந்ததுமே அழுகை வந்துடுச்சும்மா, இந்த ருசி உன் கையைத் தவிர உலகத்துல எங்கயும் கிடைக்காது, பக்கத்து வீட்டுக்கெல்லாம் எங்க அம்மா செஞ்சதுன்னு கொடுத்தேன்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன். அப்பாதான் அதை எடுத்து நான்கு முறை படித்தார். படித்ததோடு விட்டாரா. நகல் எடுக்கும் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டோவோடு பெரிதாக அச்சடித்துப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டிவிட்டார். பக்கத்திலேயே என் பலகை. இந்தப் பக்கம் கோஸ் சீனா, அந்தப் பக்கம் எங்க அம்மா செஞ்சது. வேண்டாம், எடுங்கள் என்றேன். "எம்பொண்ணு எழுதினதை ஒட்ட எனக்கு யார்கிட்ட அனுமதி வேணும்?" என்றார். இரண்டு மாதம் அந்த இரண்டுக்கும் கீழே நின்று காசு வாங்கிப் போட்டேன்.

சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம், தெருவில் ஐஸ் உறைந்திருந்த ஒரு நாள். கடை நிறைய ஆள். ரோ ஐயா காசு கொடுக்க வந்தவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உன் எழுத்தைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "கேட்டீங்களா? கனடாவுல இருக்கிற பொண்ணு வாயில வெச்சதும் அழுதுட்டாளாம்! நாம தினம் ஓசியில மூணு தட்டுத் தின்னுறோம், ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டோமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை, "அதுவும் பெட்டிக் கிம்ச்சிதான்யா! நீங்க தின்னது எதுவோ அதேதான் எம்பொண்ணு தின்னதும், பலகையில கொட்டை எழுத்துல எழுதியிருக்கேனே, உங்க யாருக்கும் கண்ணு இல்லையா, நாக்கும் இல்லையா?" என்று கத்திவிட்டேன். ஆபீஸ் பையன் ஒருவன் கிம்ச்சித் தட்டைச் சுண்டு விரலால் தள்ளி வைத்தான், ஐந்து நிமிடம் முன்பு இரண்டாவது தட்டு கேட்டவன் அவன். பாங் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், அவள் காது மட்டும் என் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். ரோ ஐயா காசை எண்ணி வைத்துவிட்டு, "இத்தனை நாள் ஏமாத்திட்டீங்களேம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். சுவரில் எழுதியது ஏமாற்றாம், வாயால் சொன்னதும்தான் அவருக்கு உண்மை தெரிந்ததாம்.

மறுநாள் பதினொன்றரைக்கு ஜன்னல் மேஜை காலி. அவர் எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தார், மெஷினில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் பத்து நிமிடம் நின்றுவிட்டு உட்கார்ந்தார். எதிர்க்கடைக் கிம்ச்சியும் பெட்டிதான், கியூரி. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரே லாரி, முதலில் அவனுக்கு ஏழு பெட்டி இறக்கிவிட்டு அப்படியே வண்டியைப் பின்னால் எடுத்து எனக்கு நான்கு பெட்டி இறக்கும். அங்கே யாரும் கத்தவில்லை, அதனால் அங்கே ருசி இருக்கிறது. இரண்டு வாரத்தில் மத்தியானக் கூட்டம் பாதியாகிவிட்டது. கட்டடச் சொந்தக்காரர் வேறு, மே மாதம் வாடகை ஏற்றினால்தான் ஒப்பந்தம் புதுப்பிப்பேன் என்று பழக்கூடையோடு வந்து இனிமையாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. நான் கத்திய அன்று கடையை மூடும்போது உன் காகிதத்தைச் சுவரிலிருந்து நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்து, கல்லாப்பெட்டி இழுப்பறைக்குள் வைத்தார். "எழுதி வெச்சது போதாதா, வாயால வேற சொல்லணுமா" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வரும் வழியில் பாலத்தில் நின்று, "எனக்காவது சொல்லியிருக்கலாம், நானும் அழுதேனே அதைப் படிச்சுட்டு" என்றார். முப்பத்தொரு வருடம் ஒரே அடுப்புக்கு முன்னால் நிற்கிறோம், இந்த மனுஷனுக்குக் கூட நாக்கு இல்லை என்று நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன், அவர் அழுதது எனக்குத் தெரியாது.

இன்னும் கேள். கை கொஞ்சம் தேவலையானதும், கோஸ் விலையும் இறங்கியிருந்தது, வீம்புக்குப் பத்து கோஸ் வாங்கி நானும் அப்பாவுமாக உட்கார்ந்து செய்தோம். அவருக்கு உப்பு அளவு தெரியாது, நான் திட்ட, அவர் முறைக்க, ஒரு வழியாகச் செய்து ஊறவைத்துப் பலகையைத் துடைத்து, கோஸ் உள்நாடு, மிளகாய்த் தூள் உள்நாடு என்று எழுதினேன். விலையையும் ஒன்பதாயிரம் ஆக்கினேன், அப்பா கண்ணாடிப் பக்கமே திரும்பவில்லை. போன வியாழக்கிழமை ரோ ஐயா வந்தார். எதிர்க்கடையில் வாய் பேச ஆள் இல்லாமல் அலுத்திருக்கும். ஜன்னல் மேஜையில் உட்கார்ந்தார், நானே தட்டைக் கொண்டுபோய் வைத்தேன், பக்கத்திலேயே நின்றேன். ஒரு துண்டு எடுத்து மென்று விழுங்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "பலகையை மாத்திட்டா போதுமாம்மா? இதுவும் பெட்டிதானே, நாக்குக்குத் தெரியாதா? பழைய ருசி எங்க, இது எங்க" என்றார். எந்தப் பழைய ருசி என்று நான் கேட்கவில்லை. சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அப்பா வெளியே போய் அவரிடம் என்னவோ சொன்னார், குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ரோ ஐயா ஒன்பதாயிரம் கொடுத்துவிட்டுப் போனார், கிம்ச்சித் தட்டு அப்படியே இருந்தது.

பாங்கிடம் கொடுத்து அனுப்பியிருக்கும் பையில் காய்ந்த நெத்திலி, கடற்பாசி, குழந்தைக்குக் காலுறை நான்கு ஜோடி இருக்கிறது. போன தடவை வந்த டப்பா உன்னிடம் இருப்பதால் நீல மூடி டப்பாவில் கிம்ச்சி வைத்திருக்கிறேன். இது நான் செய்தது, அப்பா உப்புப் போட்டது, ஒருவேளை கரிக்கும். சாப்பிட்டுப் பார். அதன் பிறகு எனக்கு ஒரே ஒரு விஷயத்துக்குப் பதில் எழுது. நவம்பரில் அந்த மூடியைத் திறந்தபோது உனக்கு உண்மையாகவே தெரியவில்லையா, இல்லை தெரிந்தும் அம்மா மனசு நோகக்கூடாது என்று அப்படி எழுதினாயா. தெரியவில்லை என்றால் முப்பத்தொரு வருடத்தை நான் என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். தெரிந்துதான் எழுதினாய் என்றால் பொய் சொல்வதில் நீ என் மகள்தான். எனக்கு எது பிடிக்கும் என்று பார்த்து எழுதாதே, எது பிடிக்கும் என்று எனக்கே தெரியாது. மே மாதம் கடையை வைத்துக்கொள்வதா விடுவதா என்று அப்பா என்னைத்தான் கேட்கிறார், நான் உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன் என்று அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

குழந்தைக்குக் குளிரில் காதை மூடிவிடு. மாப்பிள்ளை ராத்திரி வேலைக்குப் போகும்போது வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு ஓடாமல் பார்த்துக்கொள். பாங்குக்கு ஒரு வேளை நல்ல சாப்பாடு போடு, வாய் அப்படித்தானே தவிர என் கட்டுக் கையைப் பார்த்துவிட்டு மூன்று மாதம் நம் துணியைக் காசு வாங்காமல் துவைத்துக் கொடுத்தவள். நீயும் உன் குடும்பமும் குறையில்லாமல், பிணியில்லாமல், ஒருவரிடம் ஒருவர் வாய் திறந்து பேசுகிறவர்களாக இருக்க வேண்டும், அப்பாவும் நானும் தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறோம். மறக்காமல் சிவப்பு மூடி டப்பாவைக் கழுவிக் காயவைத்து பாங் திரும்பும்போது கொடுத்தனுப்பு, அது நம் வீட்டு டப்பா.

இப்படிக்கு,
உன் அம்மா மால்சுன்.
இந்த அம்மா மட்டும் உள்நாட்டுச் சரக்கு, சந்தேகமிருந்தால் அப்பாவைக் கேட்டுக்கொள்.